பதினைந்து நிமிடத்தில் மதுரை

"டூர் எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்கிறவர்களிடம் "சூப்பர்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மதுரையை நான் பார்க்கவில்லை. எங்கள் பஸ்தான் பார்த்தது.

வடகரையிலிருந்து மதுரை 150 கி.மீ.க்கு மேல். விடியக்காலை நாலு மணிக்கு வண்டி. லிஸ்டில் மீனாட்சியம்மன் கோவில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம், அழகர்கோவில், பழமுதிர்சோலை, நேரமிருந்தால் ஷாப்பிங். (ஷாப்பிங்குக்கு மட்டும் எப்படியோ நேரம் இருந்தது!)

கோவிலில் செருப்புக்கு ஒரு வரிசை, செல்போனுக்கு ஒரு வரிசை, தரிசனத்துக்கு ஒரு வரிசை. பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள் என்று ஒரே விரட்டு. மகாலில் மொத்தம் பதினைந்து நிமிடம். தூணைக் கட்டிப்பிடித்து ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். அங்கே மிஞ்சி நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான், திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதரே பாதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்து படித்துத்தான் எனக்குத் தெரியும். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றால் எதற்கு நாலு மணிக்கு எழுப்பினீர்கள்?

எங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் நிறைய. அவர்கள் சன்னதிக்குள் போக முடியாது. பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அதே கோவிலுக்குள் ஆயிரங்கால் மண்டபம் இருக்கிறது, அங்கே யாரும் போகலாம். கூட்டிப்போகத்தான் ஆளில்லை. மத்தியானம் வைகையைத் தாண்டி கோரிப்பாளையம் தர்கா வழியாகத்தான் பஸ் போனது. ஒருத்தி தயங்கித் தயங்கி, "மேடம், அஞ்சு நிமிஷம் எறங்கிப் பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள். "அது லிஸ்ட்ல இல்லியே பிள்ள" என்று பதில் வந்தது. வைகைக்கு அதுதான் வடகரை. நம்ம ஊர் பிள்ளைகள் அந்த வடகரையில் இறங்கக்கூட முடியவில்லை.

இதை எழுதினால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "இந்தப் பிள்ளைகளுக்கு இதுவாவது கிடைச்சுதே, ஒரே நாள்ல எல்லாத்தையும் காட்டிரணும்ல." அட, அதைத்தானே நானும் சொல்கிறேன்! அந்தப் பெண் வாப்பாவிடம் ஒரு வாரம் கெஞ்சி வாங்கிய அனுமதி அது. படிப்பு முடிந்ததும் கல்யாணம். அவளுக்கு மதுரை இனி எப்போது வாய்க்குமோ. அப்படிப்பட்ட ஒரே நாளை வருகைப் பதிவேடு மாதிரி டிக் அடித்துத் தீர்த்துவிட்டோம்.

பஸ்ஸை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு நடந்திருக்கலாம். கோவிலைச் சுற்றி சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஊரே விரிகிறது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த கதையை மாரட் வீதியில் நின்றே சொல்லலாம். மேல மாசி வீதியில், 1921 செப்டம்பரில் காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறிய வீடு இருக்கிறது. காந்தி மியூசியத்துக்கு அத்தனை தூரம் அலைந்த எங்களுக்கு, கோவிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அந்த வீட்டைக் காட்டவில்லை. 1939 ஜூலை 8ல் வைத்தியநாதய்யர் கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது நாங்கள் வரிசையில் நின்ற அதே கோவிலுக்குள். அதையும் சொல்லவில்லை.

எனக்கு ரொம்பவே வயிற்றெரிச்சல் எதில் என்றால், மதுரையை இழந்த பாண்டியர்கள் கடைசியில் வந்து ஆண்டது நம்ம தென்காசியில். பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இதைப் பின்னால் காப்பவர்களை இப்போதே வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். தினமும் அந்தக் கோபுரத்தைப் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு காலேஜ் போகிற பிள்ளைகள் நாங்கள். எங்களிடம் மதுரையில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தூண்களெல்லாம் வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

அடுத்த வருஷத்து லிஸ்ட் வந்துவிட்டது. தஞ்சாவூர், தாராசுரம், கும்பகோணம், வேளாங்கண்ணி. ராத்திரி பஸ்ஸிலேயே தூங்கிக்கொள்ளலாமாம். தஞ்சாவூரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதுவரை பதினோரு கையெழுத்து. தர்காவில் இறங்கக் கேட்டவளுடையதுதான் முதல் கையெழுத்து.