முழக்கத்தின் பொருளை யார் மெய்ப்பிப்பது?

"ஆற்றிலிருந்து கடல்வரை பாலஸ்தீனம் விடுதலை பெறும்" என்று முழங்கியவர்கள்மீது ஜெர்மனியில் தொடுக்கப்பட்ட வழக்குகளின் தீர்ப்புகளை அடுத்தடுத்துப் படித்தால் தலை சுற்றுகிறது. 2024 மே மாதம் மான்ஹைம் நீதிமன்றம், இதை ஹமாஸின் அடையாளமாகக் கொள்ள முடியாது என்று விசாரணையைத் தொடங்கவே மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் நீதிமன்றம், அடையாளம்தான் என்று ஒரு பெண்ணுக்கு அபராதம் விதித்தது. சட்டம் ஒன்றுதான், சொற்களும் அவைதான்.

வினை தொடங்கியது 2023 நவம்பர் 2 அன்று. ஹமாஸின் செயல்பாடுகளைத் தடைசெய்த உள்துறை அமைச்சக ஆணை, இந்த முழக்கத்தையும், எந்த மொழியில் சொன்னாலும், அவ்வமைப்பின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. பட்டியலில் ஏறிய சொல்லுக்கு அரசுத் தரப்பு மெனக்கெட வேண்டியதில்லை. சொன்னார் என்று காட்டினால் போதும். என்ன கருதிச் சொன்னார் என்பது எதிரியின் பாடு.

இந்த முழக்கம் அப்படி ஓர் அமைப்பின் தனிச்சொத்தா? ஹமாஸ் பிறந்தது 1987-இல். அதற்கு முன்பே, 1960-களிலேயே, பாலஸ்தீனத் தேசிய இயக்கத்தில் இது புழங்கியது. ஹமாஸின் 2017 ஆவணத்தில் இது இருக்கிறது என்பதும் உண்மை. யோர்தான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே இஸ்ரேலிய இறையாண்மை மட்டுமே இருக்கும் என்று லிக்குட் கட்சி 1977 தேர்தல் அறிக்கையில் சொன்னதும் உண்மை. அந்நிலத்தில் இன்று ஏறத்தாழ எழுபது லட்சம் யூதர்களும் அதே அளவு பாலஸ்தீனர்களும் வாழ்கிறார்கள். ஊர்வலத்தில் ஒருவர் இருவருக்கும் சம உரிமையுள்ள ஒரே அரசைக் கருதலாம். இன்னொருவர் ஆக்கிரமிப்பு ஒழிவதை மட்டும் கருதலாம். யூதர்களே இல்லாத நிலத்தைக் கருதுபவரும் இருக்கலாம். 2023 அக்டோபர் 7 தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்ட பின் இதைக் கேட்கும் யூதர் மூன்றாவதைத்தான் கேட்கிறார் என்றால், அந்த அச்சத்தைப் பாசாங்கு என்று தள்ளுவது நேர்மையல்ல. ஆனால் கேட்டவரின் அச்சம் சொன்னவரின் உள்நோக்கத்துக்குச் சான்றாகிவிடாது.

பெர்லினின் இன்னொரு வழக்கைப் பாருங்கள். தாக்குதல் நடந்து நான்கே நாளில் நடந்த போராட்டத்தில் முழக்கமிட்ட 22 வயதுப் பெண்ணுக்கு, 2024 ஆகஸ்டில் 600 யூரோ அபராதம். குற்றத்தை ஆதரித்துப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. முடிவு எனக்கு உவப்பாக இல்லை. என்றாலும் அந்த நீதிபதி நாளையும் சூழலையும் எடைபோட்டார். பட்டியலின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. அவ்வகையில் அந்தத் தீர்ப்போடு வாதாட முடியும். பட்டியலோடு எப்படி வாதாடுவது?

இதே கேள்விதான் மெட்டாவின் மேற்பார்வை வாரியத்தையும் 2024 செப்டம்பரில் பிளந்தது. முழக்கம் இடம்பெற்ற மூன்று பதிவுகளை நீக்க வேண்டியதில்லை என்றது பெரும்பான்மை. சிறுபான்மையோ, வேறு பொருள் தெளிவாகத் தெரிந்தாலொழிய ஹமாஸைப் போற்றுவதாகவே அனுமானிக்க வேண்டும் என்றது. மெய்ப்பிக்கும் சுமையை எந்தத் தோளில் ஏற்றுவது என்பதுதான் அங்கும் சண்டை.

நம் உச்ச நீதிமன்றம் இதற்கு 1995-இலேயே விடை சொல்லிவிட்டது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்றே சண்டிகர் நீலம் திரையரங்கின் முன் காலிஸ்தான் வாழ்க என்று முழங்கிய இருவரின் வழக்கு, பல்வந்த் சிங் எதிர் பஞ்சாப் அரசு. ஓரிரு முறை எழுப்பிய குரல், கூட்டத்தில் எவரும் எதிர்வினை காட்டவில்லை, அமைதி குலையவில்லை. எனவே தேசத் துரோகமும் இல்லை, பகைமை தூண்டலும் இல்லை என்று விடுவித்தது. இதைவிடக் கொதிப்பான நாள் ஒன்றை யாரும் காட்ட முடியாது. தேசத் துரோகப் பிரிவான 124-ஏ போய் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152 வந்தபின் இந்தத் தீர்ப்பு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

முழக்க வழக்குகளில் அரசுத் தரப்பு பெரும்பாலும் நம்பியிருப்பது வெட்டியெடுத்த காணொளியைத்தான். முன்னே யார் பேசினார், பக்கத்திலிருந்த பதாகையில் என்ன இருந்தது, அடுத்து என்ன முழங்கினார்கள் என்பதெல்லாம் வெட்டுப்பட்ட பகுதியில் கிடக்கும். நினைவு அட்டையில் உள்ளதும் ஆவணமே என்று கோபாலகிருஷ்ணன் எதிர் கேரள அரசு வழக்கில் 2019-இல் தீர்ப்பாகியிருக்கிறது. எதிரிக்காக வாதாடுபவர்களே, குற்றச்சாட்டு வனையும் முன்பே முழுப் பதிவின் நகலைக் கேட்டு மனுப் போடுங்கள். சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் எந்தப் பதிவுக்குத் தரப்பட்டது, முழுமைக்கா துண்டுக்கா என்பதையும் பாருங்கள்.