ஒரு செத்த சாலையும் என் சைக்கிளும்

போன டிசம்பர் விடுமுறையில் அறைத்தோழனும் நானும் ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். எல்லோரும் காரில் போகும் சாலையில் அல்ல. அதற்கு முன்பிருந்த பழைய இங்க்ராம் நெடுஞ்சாலையில், கொஞ்சம் சைக்கிளில், கொஞ்சம் நடந்து. போக வர சுமார் 35 கிலோமீட்டர். கடை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. கொசு மட்டும் தாராளம்!

முதலில் கொஞ்சம் கதை. ஜேம்ஸ் இங்க்ராம் ஒரு ரயில்வே கம்பெனி அதிகாரி. 1892-ல் ஒரு குழுவோடு இந்தச் சதுப்பு நிலத்தைக் கடந்தவர். ரயில் விடலாமா, தண்ணீரை வடித்துவிட்டு விவசாயம் பண்ணலாமா என்று பார்ப்பதுதான் நோக்கம். அவர் பெயரிலான சாலை 1922-ல் தென்கோடியில் இருக்கும் ஃப்ளமிங்கோ கிராமம் வரை போனது. எப்படிப் போட்டார்கள் தெரியுமா? பக்கத்திலேயே கால்வாய் வெட்டி, அதிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல்லை மேடாகக் கொட்டினார்கள். அந்த மேடுதான் சாலை. 1947-ல் பூங்கா திறக்கப்பட்டது. 1950களில் புதுச் சாலை வந்தபின் பழையதைக் கைவிட்டார்கள்.

இன்று அதில் வண்டி கிடையாது. நாங்கள் போன அன்று ஹாரன் சத்தமே கேட்கவில்லை. கால்வாய்க் கரையில் ஒரு முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளியே நின்று பார்த்தோம். காரில் போயிருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம். இப்படி ஒரு சாலையை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் ஒரு சங்கடம். எவர்கிளேட்ஸ் என்பது குளம் அல்ல. முழங்கால் ஆழத்தில், பல மைல் அகலத்தில், மெதுவாகத் தெற்கே நகரும் தண்ணீர். அதன் குறுக்கே எந்த மேடு போட்டாலும் அது அணைதான். வடக்கே 1928-ல் திறந்த டாமியாமி சாலை இதைத்தான் செய்தது. தண்ணீருக்கு வழிவிட 2013-ல் அதன் ஒரு மைல் நீளத்தைப் பாலமாக மாற்ற வேண்டி வந்தது. இங்க்ராம் சாலைக்குப் பக்கத்திலேயே 1975 வரை விவசாயம் நடந்த நிலம் இருக்கிறது. விவசாயம் நின்றதும் பிரேசில் மிளகு என்ற வெளிநாட்டுச் செடி அங்கே காடாக மண்டியது. கடைசியில் பாறை தெரியும் வரை மண்ணையே சுரண்டி எடுத்தார்கள். அப்புறம்தான் பழைய சதுப்புச் செடிகள் திரும்ப வந்தன.

வழியில் நான் ரசித்த மர நிழல்கூட அந்த மேட்டில் வளர்ந்ததுதான். அதாவது, நான் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்ட இடமே ஒரு காயத்தின் தழும்பு.

"சரித்திரச் சாலை, தொடாதே" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை; "முழுசாகத் தோண்டி எடு" என்பவர்களோடும் இல்லை. தண்ணீருக்கு எங்கே வழி வேண்டுமோ அங்கே தயங்காமல் வெட்டிவிடட்டும். மிச்சத்தைக் காலுக்கும் சைக்கிளுக்கும் விடட்டும். தார் மட்டும் வேண்டாம். வெட்டிய இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நான் இறங்கிப் போகிறேன். முதலை இல்லையா என்று முதலில் பார்த்துக்கொண்டுதான்!

சரித்திரத்தைக் காப்பது என்றால் தவறையும் சேர்த்துக் காக்க வேண்டுமா என்ன? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?