வேகம் வாங்கும் முன் சேனலைப் பாருங்கள்

வை-ஃபி மெதுவாக இருக்கிறதா? உடனே அதிக வேகத் திட்டத்திற்கு மாறாதீர்கள் என்பதே என் கருத்து. என் அப்பா அப்படித்தான் மாதாமாதம் கூடுதல் பணம் கட்டினார். ஆனாலும், வீடியோவில் பேசும்போது அம்மாவின் முகம் பாதியில் உறைந்துவிடும்.

ஊருக்குப் போனபோது லேப்டாப்பை ரூட்டரில் கேபிள் மூலம் இணைத்துப் பார்த்தேன். வேகம் சரியாகவே இருந்தது. அப்படியானால் கோளாறு வை-ஃபியில்தான்! ரூட்டரின் வயர்லெஸ் செட்டிங்ஸைத் திறந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 4, அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. பக்கத்து வீட்டு ரூட்டர்கள் 1-லும் 6-லும் இருந்தன.

அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு ரூட்டருக்கோ குறைந்தது 20 வேண்டும். ஆகவே ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்த 1, 6, 11 ஆகியவையே ஏற்றவை. சேனலை 11-க்கும் அகலத்தை 20-க்கும் மாற்றி சேமித்தேன். அம்மாவின் முகம் அதன்பின் உறையவில்லை. அப்பாவும் பழைய திட்டத்திற்கே திரும்பிவிட்டார்.

ரூட்டரின் பவரை உச்சத்தில் வைத்தால் போதும் என்பார்கள் சிலர். ரூட்டர் கத்துவது மொபைலுக்குக் கேட்கும்; மொபைல் முணுமுணுப்பது ரூட்டருக்குக் கேட்க வேண்டாமா? பழைய செட்டிங்ஸைக் குறித்து வைத்துக்கொண்டு நீங்களும் மாற்றிப் பாருங்கள். பத்து நிமிடம்தான் செலவு.