மடிக்கணினியை அணைக்காமல் விடலாமா?

"லப்டொப்பை ஓஃப் பண்ணாமல் வைத்தால் வெடிக்கும்" என்கிறார் உம்மா. "அடிக்கடி ஓஃப் பண்ணினால்தான் பழுதாகும்" என்கிறாள் மகள். எங்கள் வீடுகளில் இன்று அடிக்கடி கேட்கும் வாக்குவாதம் இது. இருவரும் பாதி சரி, பாதி பிழை என்பதே எனது கருத்து. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவி என்ற வகையிலும், இடி மின்னலுக்குப் பேர் போன சப்ரகமுவையில் வாழ்பவள் என்ற வகையிலும் இதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

நாம் ஏன் அணைக்காமல் விடுகிறோம்? சோம்பல் மட்டும் காரணமல்ல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் திரைக்கு வந்தன. 2022 மார்ச் 31 ஆம் திகதி போன்ற 13 மணித்தியால மின்வெட்டுகளைக் கண்ட பிறகு, கரண்ட் இருக்கும்போதே சார்ஜில் போட்டுவிடும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. இரவு நேர டேட்டா மலிவு என்பதால் பாட வீடியோக்களைத் தரவிறக்கம் செய்யப் போட்டுவிட்டு உறங்கிவிடுகிறோம். தோட்டத்திலிருந்து வரும் என் தோழி ஒருத்தியின் வீட்டில் இருப்பது மூன்று சகோதரர்களுக்கும் பொதுவான ஒரு பழைய லப்டொப். அதன் பற்றரி செத்துவிட்டது. பிளக்கைக் கழற்றினால் அதுவும் அணைந்துவிடும். அவளிடம் போய் "ஓஃப் பண்ணி வை" என்று மட்டும் சொல்வது எளிது.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, தொடர்ந்து ஓடுவது பெரிய குற்றமல்ல. நாம் பயன்படுத்தும் இணையத்தளங்களைத் தாங்கும் சேவையகக் கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. லப்டொப்பின் செயலி அளவுக்கு மீறிச் சூடானால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தானே அணைந்துவிடும். ஆனால் சேவையகக் கணினிகள் இருப்பது குளிரூட்டிய அறையில். எங்கள் லப்டொப் இருப்பதோ தகரக் கூரையின் கீழ், பல வேளைகளில் மெத்தையின் மேல். காற்றை இழுக்கும் துவாரங்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் உள்ளன. மெத்தையும் தலையணையும் அவற்றை அடைத்துவிடும். தூசி படிந்த விசிறியோ இன்னும் மோசம். ஆகவே எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்பதைவிட எதன் மேல் வைத்து ஓடுகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

அடுத்தது பற்றரி. 1991 இல் சந்தைக்கு வந்த இலிதியம் அயன் பற்றரி உலகை மாற்றியது. அதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைந்ததும் சார்ஜ் ஏறுவதை உள்ளிருக்கும் சுற்றே நிறுத்திவிடும். எனவே 'ஓவர் சார்ஜ்' ஆகி வெடிக்கும் என்ற அச்சம் நல்ல நிலையில் உள்ள லப்டொப்புக்குப் பொருந்தாது. ஆனால் எப்போதும் 100 வீதத்தில், அதுவும் சூட்டில் இருப்பது பற்றரியை விரைவாக முதுமையடையச் செய்யும். அதனால்தான் பல நிறுவனங்கள் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைத் தருகின்றன. அமைப்புகளுக்குள் தேடிப் பாருங்கள், காசு செலவில்லை.

உம்மாமாரின் அச்சம் முற்றிலும் வீணானதுமல்ல. 2006 இல் டெல் நிறுவனம் 41 இலட்சம் லப்டொப் பற்றரிகளைத் திரும்பப் பெற்றது. 2019 இல் அப்பிள் நிறுவனமும் தீ அபாயம் கருதி ஒரு வகை மெக்புக் புரோவின் பற்றரிகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. புதிதாக வாங்கியவற்றுக்கே இந்த நிலை என்றால், எங்கள் கைக்கு வரும் பாவித்த லப்டொப்புகளையும் பெயர் தெரியாத சார்ஜர்களையும் எவ்வளவு கவனிக்க வேண்டும்? மௌஸ் தடவும் பலகை மேலே எழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பற்றரி வீங்கியிருக்கலாம். அதை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது. திருத்துபவரிடம் கொடுத்து அகற்றிவிட வேண்டும்.

லயன் வீடுகளில் இது ஒரு குடும்பத்தின் பிரச்சினை மட்டுமல்ல. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. லயன் அறைகள் தீக்கிரையான செய்திகளையும், மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படும் என்ற வரியையும் நாம் மீண்டும் மீண்டும் வாசிக்கிறோம். ஒரு பிளக் பொயின்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் கோட், அதில் அரிசிக் குக்கர், தொலைக்காட்சி, லப்டொப். சதுர முள் குதைக்குள் இரண்டு முள் பிளக்கைப் பேனாவால் நெம்பிச் செருகும் வித்தை எங்கள் எல்லோருக்கும் தெரியும். தளர்வான அந்த இணைப்பில் பிறக்கும் சூடு, லப்டொப்பின் சூட்டைவிட ஆபத்தானது.

எல்லாவற்றையும் விட எமது பிரதேசத்துக்கே உரிய ஆபத்து மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். பிற்பகலில் வானம் இருண்டால் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இடி முழங்காமல் விடாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கைகளில் சப்ரகமுவையின் பெயர் அடிக்கடி இடம்பெறும். 2024 இலும் 2025 இலும் உயர்தரப் பரீட்சை நவம்பரில்தான் ஆரம்பமானது. அதாவது எங்கள் லப்டொப்புகள் அதிகம் ஓடும் காலமும் மின்னல் அதிகம் விழும் காலமும் ஒன்றே.

வோல்ற்றளவு கூடிக் குறைவதை லப்டொப் சார்ஜர் ஓரளவு தாங்கும். 100 முதல் 240 வோல்ற்று வரை என்று அதிலேயே எழுதியிருக்கும். மின்னலின் முன் அந்தக் கணக்கு செல்லாது. வீட்டில் விழ வேண்டியதில்லை, மின்கம்பிக்கு அருகில் விழுந்தாலே போதும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மேகத்திலிருந்து நிலம்வரை பாய்ந்த மின்சாரத்துக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளி ஒரு தடையா? பிளக்கையே கழற்ற வேண்டும். ரவுட்டரையும் தொலைக்காட்சி அன்டனா வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். அதுவும் இடி தொடங்கும் முன்பே; முழங்கத் தொடங்கிய பின் வயர்களைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. உறக்கத்தில் இருப்பவரால் இதைச் செய்ய முடியாது. இரவு முழுவதும் செருகி வைப்பதை நான் எதிர்ப்பதற்கு இதுவே முதற் காரணம்.

செலவையும் பாருங்கள். வேலையின்றி விழித்திருக்கும் லப்டொப் 20 வாற்று எடுத்தால், இரவுக்கு 10 மணித்தியாலம் வீதம் மாதம் 6 அலகு. 'ஸ்லீப்' நிலையில் 1 வாற்று என்றால் 0.3 அலகு மட்டுமே. 60 அலகைத் தாண்டாமல் கட்டணத்தைப் பிடித்து வைக்கப் பாடுபடும் வீட்டுக்கு இந்த 6 அலகு சிறிதல்ல.

இரவில் உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரிய விட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். அன்று விளக்குத் திரி, இன்று சார்ஜர். கண்காணிப்பார் இல்லாத சூட்டை வீட்டில் விட்டு உறங்காதே என்ற பொருள் மாறவில்லை.

ஆகவே பகலில், மேசை மேல், கண் முன்னால் லப்டொப் எத்தனை மணித்தியாலம் ஓடினாலும் பெற்றோரே, பயப்பட வேண்டாம். மாணவிகளே, உறங்கும் முன் அணையுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். பழைய பற்றரியோடு போராடும் தோழிகளுக்கு நள்ளிரவில் விழித்திருக்கும் தரவிறக்கம் தேவைப்படாமல் இருக்க, பாட வீடியோக்களைப் பாடசாலைக் கணினி அறையில் ஒருமுறை இறக்கி, பென் டிரைவ்களில் பகிர்ந்து கொடுக்கலாம். லயன் வீடுகளின் வயர்களையும் எர்த் இணைப்பையும் ட்ரிப் சுவிட்சையும் தகுதியான மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பரிசோதிக்குமாறு தோட்ட நிர்வாகங்களிடம் பெற்றோர் கேட்க வேண்டும். நகை அடகு வைத்து வாங்கிய லப்டொப்பும் அதில் படிக்கும் பிள்ளையும் அந்த வயர்களை நம்பித்தான் இருக்கிறார்கள்.