புலியைப் படைத்தவனுக்குப் பட்டினியா?

1987-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்தக் காலில் எழுந்த கம்ப்யூட்டர் சித்திரக் கூடம் 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்'. நம் புதுச்சேரியிலும் படமெடுத்த 'லைஃப் ஆஃப் பை' (2012) புலியை உலவவிட்டவர்கள் அதன் தொழிலாளர்களே. படத்தின் வசூலோ 60 கோடி டாலர்! கூடமோ 2013 பிப்ரவரியில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. 250 பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். அதே மாதம் அந்தப் புலிக்கு ஆஸ்கார் விருது!

காரணம், மொத்தக் குத்தகை. எத்தனை தரம் மாற்றச் சொன்னாலும் பேசிய தொகைதான். நட்ட நாற்றைப் பிடுங்கி மூன்று முறை நடு, கூலி ஒன்றுதான் என்றால் பெரம்பலூர்ப் பெண்கள் சும்மா விடுவார்களா? அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத் தோழர்களுக்குக் காண்ட்ராக்ட் சூது புதிதா?

விருது மேடையில் கூடத்தின் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தவரின் மைக்கை அடைத்தார்கள். வெளியே ஆர்ப்பாட்டம்! அங்கே நடிகருக்குச் சங்கமுண்டு, கதாசிரியருக்குண்டு; புலி வரைந்தவனுக்கு இல்லை. 2023-ல்தான் மார்வெல் கம்பெனிச் சித்திரத் தொழிலாளர்கள் ஒருமனதாக ஓட்டளித்துச் சங்கம் கண்டார்கள்.