கரித்துண்டு சொல்லும் காலம்

சென்ற பருவத்தின் அகமதிப்பீட்டுத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா ஒன்றை நாம் அமைத்திருந்தோம். கீழடியின் காலம் யாது? நாம் எதிர்பார்த்த விடை கி.மு. 580. ஒரு மாணவி ‘கி.மு. 6ஆம் நூற்றாண்டையொட்டி’ என்று எழுதியிருந்தார். சற்றும் யோசியாமல் சுழியம் இட்டோம். விடைத்தாளைப் பெற்றுக்கொண்ட அவர், “ஐயா, 580 என்பது ஊரின் வயதா, அந்தக் கரித்துண்டின் வயதா?” என்று கேட்டார். ஆண்டுக்கணக்கில் இலக்கியம் கற்பித்துவரும் நமக்கு அவ்விடத்தில் விடை கூற இயலவில்லை. அந்தக் கேள்வியின் பொருட்டுப் படித்தவையும், படித்தபின் தோன்றியவையுமே இக்கட்டுரை.

முதலில், கரி எவ்வாறு காலம் சொல்கிறது? வளிமண்டலத்தில் சாதாரணக் கரிமத்தோடு மிகச் சிறு அளவில் கதிரியக்கக் கரிமமும் கலந்துள்ளது. கரிமம்-14 என்பது அதன் பெயர். மரமும் பயிரும் காற்றிலிருந்து அதனைப் பெறுகின்றன. அவற்றை உண்ணும் உயிர்களும் பெறுகின்றன. உயிர் நீங்கியபின் வரவு நின்றுவிடுகிறது, செலவு மட்டும் தொடர்கிறது. 5,730 ஆண்டுகளில் இருப்பு பாதியாகும். எஞ்சியதை அளந்தால் உயிர் நீங்கிய காலத்தைக் கணக்கிடலாம். இம்முறையை வில்லார்ட் லிபி என்னும் அமெரிக்க வேதியியலாளர் 1949இல் தம் குழுவினரோடு வெளியிட்டார். 1960இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அணுக்களையே நேரடியாக எண்ணும் முடுக்கி முறை வந்துவிட்டமையால் மிகச் சிறிய துணுக்கே போதுமானதாகிறது.

இம்முறையின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. நம் ஐயமெல்லாம் அதனை நாம் வாசிக்கும் முறையைப் பற்றியதே.

கணிப்பு சொல்வது மரம் இறந்த காலத்தையன்றி, அது எரிந்த காலத்தையன்று. அதிலும் ஒரு மரத்தின் உட்பகுதியும் வெளிப்பகுதியும் ஒரே காலத்தவை அல்ல. ஒவ்வோர் ஆண்டு வளையமும் தான் உருவான ஆண்டோடு காற்றிலிருந்து கரிமம் பெறுவதை நிறுத்திக்கொள்கிறது. இருநூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை அடுப்பில் எரிந்திருந்தால், அக்கரி அடுப்பைவிட இருநூறு ஆண்டு மூத்ததாகவே காட்டும். பழைய வீட்டின் உத்தரத்தைப் பிரித்து விறகாக்கும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். இதனாலேயே அறிஞர்கள் கரியைவிட நெல்லைப் பெரிதும் நம்புகின்றனர். நெல்லின் வாழ்வு ஒரு போகம். பழநிக்கு அருகில் உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் கல்லறை ஒன்றிலிருந்து கிடைத்த நெல் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டபோது, ஒற்றைக் கணிப்பை நம்பலாமா என்ற கேள்வி எழுந்தது. மற்றொரு மாதிரி கி.மு. 450 என்று வந்தது. கேட்டதும் முறை, மறுபடியும் சோதித்ததும் முறை.

அடுத்து, ஆய்வகம் தருவது ஓர் ஆண்டை அன்று, ஓர் எல்லையை. வளிமண்டலத்தில் கரிமம்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. ஆகவே மரவளையங்களைக் கொண்டு அமைத்த ஒரு வளைகோட்டோடு ஒப்பிட்டுக் கணிப்பைத் திருத்துகின்றனர். அவ்வளைகோடு கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. ஆஸ்திரியாவில் உள்ள ஓர் ஊரின் பெயரால் இதனை ஹால்ஸ்டாட் சமவெளி என்பர். இச்சமவெளியில் விழும் மாதிரிகளுக்குள் எது முந்தியது, எது பிந்தியது என்று பிரித்தறிவது கடினம். கீழடியின் 580, பொருந்தலின் 490, 450 ஆகிய மூன்றும் இச்சமவெளியிலேயே விழுகின்றன. எனவே, ‘கீழடி பொருந்தலைவிடத் தொண்ணூறு ஆண்டு மூத்தது’ என்று மேடையில் முழங்குவோர் வளைகோடு சொல்லாத ஒன்றைச் சொல்கின்றனர்.

இவ்விடத்தில் வாசகர்கள், ‘அப்படியானால் நம் தொன்மை போயிற்றா?’ என்று கேட்கலாம். போகவில்லை. அச்சமவெளியின் கீழ் எல்லையான கி.மு. 400ஐக் கொண்டாலும், அசோகரின் ஆட்சிக்கு அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. ஒற்றை ஆண்டைப் பிடித்துக்கொண்டு வாதிடுவோரின் கட்சியை ஒரு கேள்வியில் ஆட்டம் காணச் செய்யலாம். எல்லையைச் சொல்லி வாதிடுவோரை அத்தனை எளிதில் அசைக்க முடியாது. அடக்கமாகச் சொன்னால் வலு குறையும் என்பது நம்மவர் பலரின் அச்சம். இங்கு நேர்வது அதற்கு மாறானது.

மூன்றாவது, நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களுக்கு மிகவும் நெருக்கமானது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி நூல், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்ததற்குக் கி.மு. 205 என்றும் தருகிறது. எழுத்துப் பொறித்த 56 பானையோடுகளையும் குறிக்கிறது. இவ்வோடுகளுள் எது எந்தக் கரியின் காலத்தது என்பதை ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகம் சொல்ல இயலாது. குழியில் நின்று மண்ணடுக்கைப் படிப்பவரே சொல்ல வேண்டும். எலி வளை, மர வேர், பிற்காலத்தார் தோண்டிய குழி ஆகிய எல்லாம் கரியை இடம் மாற்றக் கூடியவை. மத்தியத் தொல்லியல் துறையின் அகழ்வில் கிடைத்த கரி முன்னர் ஏறத்தாழ 2,200 ஆண்டு என்று காட்டியதைச் சுட்டி, ‘அன்று ஒன்று, இன்று ஒன்று’ என்று எள்ளுவோரும் இம்மண்ணடுக்கையே மறக்கின்றனர். ஓர் ஊர் பல நூற்றாண்டு வாழ்ந்தால் மேலடுக்குக் கரிக்கும் கீழடுக்குக் கரிக்கும் வயது வேறுபடாமல் எப்படி இருக்கும்?

அந்நூலின் பெயரில் ‘சங்க கால’ என்னும் அடை இருக்கிறது. அதனைக் கண்டவுடன் நம் மனம் ஒரு தாவலில் பாடல்களுக்குச் சென்றுவிடுகிறது. கரி 580 என்றால் புறநானூறும் 580 என்று ஆய்வேடு எழுதும் மாணவர்களை நாம் அறிவோம். கரி ஓர் ஊரின் வாழ்வுக்குச் சான்று. பாடலின் காலத்தை மொழி, யாப்பு, வரலாற்றுக் குறிப்பு, கல்வெட்டு ஆகியவற்றைக் கொண்டு தனியே நிறுவ வேண்டியிருக்கிறது. அவ்வுழைப்பிலிருந்து தப்பிக்கும் குறுக்குவழியாகக் கரித்துண்டை நாம் பயன்படுத்தலாகாது.

சான்று பெரிதாகும்போது பொறுப்பும் பெரிதாகிறது. 2025 ஜனவரி 23 அன்று வெளியிடப்பட்ட ‘இரும்பின் தொன்மை’ நூல், சிவகளையில் கிடைத்த கரித்துண்டுகளுக்குக் கி.மு. 3345 வரை காலம் தருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் சோதித்தமை பாராட்டத்தக்கது. ஆனால் அதே சிவகளையின் தாழி ஒன்றிலிருந்து கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்றே கணிப்பு வந்திருக்கிறது. இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். அவ்விடுகாடு அத்தனை நெடுங்காலம் புழக்கத்தில் இருந்ததா? இரும்பும் கரியும் உண்மையிலேயே ஒரே காலத்தில் தாழிக்குள் சென்றனவா? இவற்றை நாமே கேட்டு நாமே விடை காண வேண்டும். பிறர் கேட்கும்போது சினம் கொள்வதில் பயனில்லை.

மறுபுறம், கேள்வி என்ற பெயரில் நடக்கும் தாமதத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. கீழடியின் முதல் இரு கட்ட அகழாய்வு குறித்து அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கை, 2025 மே மாதத்தில் திருத்தம் கோரித் திருப்பியனுப்பப்பட்டது. ஐயம் இருப்பின் அறிக்கையையும் ஐயத்தையும் ஒருசேர வெளியிட்டு அறிஞருலகின் முன் வைப்பதே வழி. பூட்டிய அறைக்குள் இருக்கும் சான்றை யாராலும் மறுக்கவும் இயலாது, ஏற்கவும் இயலாது.

உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகளுக்கிடையே கண்ட வேறுபாடுகளை மறைக்கவில்லை, பாடபேதங்களைக் குறித்துவைத்தார். அதனால் அவர் பதிப்பின் மதிப்பு குறைந்ததா? அதனாலன்றோ நாம் இன்றும் அவரை நம்புகிறோம்! ஆய்வகத் தாளில் எண்ணுக்குப் பின்னே வரும் கூட்டல் கழித்தல் குறியும் ஒரு பாடபேதமே. மூலபாட ஆய்வில் பயின்ற தமிழ்த் துறையினர் அதனை வாசிக்க அறியாதவர் அல்லர். ஆயினும் நாளிதழின் தலைப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அக்குறியை விட்டுவிடுகிறோம்.

அம்மாணவியின் விடைத்தாளை மறுநாள் திரும்பப் பெற்று, சுழியத்தை அடித்து ஒரு மதிப்பெண் இட்டோம். வினாவையும் மாற்றிவிட்டோம். அடுத்த பருவத்தில் அது ஐந்து மதிப்பெண் வினா: ‘கீழடிக் கரித்துண்டின் காலக்கணிப்பு எதனை மெய்ப்பிக்கிறது, எதனை மெய்ப்பிக்கவில்லை?’