உங்கள் காரின் கடைசி விலையை முடிவு செய்வது யார்? கப்பல் ஏறும் பழைய கார்களைப் பற்றி ஒரு விளக்கம்

சிஓஇ முடிய இன்னும் சில மாதங்கள்தான். கார் வியாபாரியிடம் போகிறீர்கள். "அண்ணே, வண்டிக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்கிறார். கைப்பேசியில் யாருக்கோ படம் அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு தொகையைச் சொல்கிறார்.

அந்தப் படம் ஓர் ஏற்றுமதியாளரிடம் போயிருக்கலாம். அவர் கணக்குப் போடுவது சிங்கப்பூர்ச் சந்தையை வைத்து அல்ல. இந்தக் கார் எந்த நாட்டுத் துறைமுகத்தில் இறங்க முடியும், அங்கே என்ன விலை போகும் என்பதுதான் அவர் கணக்கு.

இது தெரியாமல் காரை விற்றால் நட்டம் உங்களுக்கு. அதனால் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ஒரு காருக்கு இரண்டு விலை

சிங்கப்பூரில் பழைய காருக்கு இரண்டு மதிப்பு உண்டு. முதலாவது, காகித மதிப்பு. காரின் பதிவை ரத்து செய்யும்போது அரசாங்கம் திருப்பித் தரும் தொகை அது. சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழில் காலம் மிச்சமிருந்தால், அதற்கேற்ற தொகை கிடைக்கும். கார் 10 ஆண்டைத் தாண்டுவதற்குள் பதிவை ரத்து செய்தால், வாங்கும்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும். இதைத்தான் பலரும் 'பார்ஃப்' என்கிறார்கள்.

இரண்டாவது, வண்டியின் உடல் மதிப்பு. வியாபாரிகள் மொழியில் 'பாடி வேல்யூ'. காகிதத்தை எல்லாம் கழித்துவிட்டு, அந்த இரும்பும் இயந்திரமும் என்ன பெறும் என்பது.

காகித மதிப்பு எந்த வியாபாரியிடம் போனாலும் மாறாது. அது அரசாங்கக் கணக்கு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் 'ஒன்மோட்டாரிங்' தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் மாறுவது பாடி வேல்யூதான்.

உதாரணத்துக்கு, உங்கள் காரின் காகித மதிப்பு 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 21,000 வெள்ளி தருகிறேன் என்கிறார். மற்றவர் 24,000 என்கிறார். முதலாமவர் உங்கள் வண்டிக்குக் கொடுப்பது வெறும் 1,000. இரண்டாமவர் 4,000. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இந்த நாலு மடங்கு வித்தியாசம் கண்ணில் படாது.

ஒரு மாதக் கெடு

பதிவை ரத்து செய்ததோடு வேலை முடிவதில்லை. ஒரு மாதத்துக்குள் காரை அப்புறப்படுத்த வேண்டும். ஒன்று, அனுமதி பெற்ற உடைப்பிடத்தில் உடைக்க வேண்டும். அல்லது வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய வேண்டும். கப்பலுக்குக் காத்திருக்கும் கார்களை நிறுத்தி வைப்பதற்கென்றே ஏற்றுமதி வளாகங்களும் உண்டு.

பதிவு ரத்தான காரைச் சாலையில் ஓட்ட முடியாது. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று காரை வீட்டு வாசலிலும் போட்டுவைக்க முடியாது. அதாவது, பதிவை ரத்து செய்த பிறகு பேரம் பேசும் பலம் உங்கள் கையில் இல்லை. விலையை முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

எந்த நாட்டுக்குப் போகும்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நம் கார்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். எனவே, இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் நாடுகள்தான் அவற்றுக்கு இயல்பான சந்தை. அந்த நாடுகளும் எல்லாக் காரையும் ஏற்பதில்லை.

கென்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிவிலிருந்து 8 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களை அங்கே இறக்குமதி செய்ய முடியாது. நம் ஊரில் 10 ஆண்டு முழுக்க ஓடிய கார் அந்தக் கதவைத் தட்டவே முடியாது. 7 வயதுக் கார் போகலாம்.

இந்தியாவில் விதி இன்னும் கடுமை. பொதுவான விதிப்படி, தயாரித்து 3 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கார்களுக்கு அனுமதி இல்லை. தீர்வையும் மிக அதிகம்.

பக்கத்து வீடான மலேசியாவுக்கு? பாலத்தைத் தாண்டினால் ஜோகூர்தான். ஆனால் 'ஏபி' எனப்படும் இறக்குமதி அனுமதி இல்லாமல் காரை அங்கே கொண்டுபோய் விற்க முடியாது.

நியூசிலந்து பழைய கார்களை நிறைய வாங்கும் நாடு. ஆனால் புகை அளவு, விபத்துப் பாதுகாப்பு, துப்புரவு என்று பல சோதனைகள். 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து போன கார்க் கப்பல்கள் சிலவற்றில் துர்நாற்றப் பூச்சிகள் இருந்ததால், ஆக்லாந்தில் காரை இறக்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள்.

ஆக, உங்கள் கார் நன்றாக ஓடுகிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை. அதை ஏற்கும் நாடுகள் எத்தனை என்பதும் கேள்வி. வயது கூடக் கூட, திறந்திருக்கும் துறைமுகங்கள் குறைகின்றன. எந்தத் துறைமுகமும் ஏற்காத கார் கடைசியில் உடைப்பிட விலைக்குத்தான் போகும்.

எப்படி ஏற்றுவார்கள்?

இரண்டு வழி உண்டு. ஒன்று, 'ரோரோ' கப்பல். பல மாடிக் கார் நிறுத்துமிடம் கடலில் மிதப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காரை ஓட்டிக்கொண்டே உள்ளே போய், பட்டையால் தளத்தோடு இறுகக் கட்டிவிடுவார்கள். பெரிய கப்பலில் பல ஆயிரம் கார் கொள்ளும். மற்றொன்று, கொள்கலன். 20 அடிக் கொள்கலனில் பொதுவாக ஒரு கார், 40 அடியில் இரண்டு. தாங்கி அமைத்து அடுக்கினால் இன்னும் கூடுதலாக ஏற்றலாம்.

ஆபத்தும் இருக்கிறது. 2022ல் 'ஃபெலிசிட்டி ஏஸ்' என்ற கப்பல் சுமார் 4,000 கார்களுடன் அசோர்ஸ் தீவுகள் அருகே தீப்பிடித்து மூழ்கியது. 2023ல் நெதர்லந்துக் கடற்கரை அருகே 'ஃப்ரீமேண்டில் ஹைவே' எரிந்தபோது இந்திய மாலுமி ஒருவர் உயிரிழந்தார்.

சொந்தக் காரை எடுத்துப்போகலாமா?

வேலைக்காக ஊர் மாறுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முடியும். ஆனால் முதலில் போகும் நாட்டின் விதியைப் படியுங்கள், பிறகு கப்பலைத் தேடுங்கள். ஆஸ்திரேலியாவில், இறக்குமதி ஒப்புதல் கைக்கு வராமல் காரைக் கப்பலில் ஏற்றவே கூடாது.

கடல் காப்புறுதியையும் விட்டுவிடாதீர்கள். கப்பல் ஆபத்தில் சிக்கினால், அதைக் காப்பாற்றும் செலவில் சரக்கு உரிமையாளர்களும் பங்கு கொடுக்க வேண்டிவரலாம். இது நெடுங்காலக் கடல் வணிக வழக்கம். உங்கள் காருக்கு ஒரு கீறல்கூட விழாவிட்டாலும் பணம் கட்ட நேரலாம்.

வாங்கும் நாட்டுக்கு என்ன?

நமக்குக் காசு வருகிறது. அங்கே ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கார் கிடைக்கிறது. ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2015 முதல் 2018 வரை உலக அளவில் 14 மில்லியன் பழைய கார்களும் சிறு வாகனங்களும் ஏற்றுமதியானதாக ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2020ல் தெரிவித்தது. அதிகம் போனது ஆப்பிரிக்காவுக்கு. ஆராய்ந்த 146 நாடுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நாடுகளின் விதிகள் பலவீனமானவை என்றும் அது சொன்னது. வயது வரம்புகளும் புகைச் சோதனைகளும் ஏன் இறுகுகின்றன என்பது இதிலிருந்து புரியும். அவை இறுக இறுக, நம் பழைய காருக்கான சந்தை சுருங்கும்.

விற்கும் முன் செய்ய வேண்டியவை

காகித மதிப்பை நீங்களே பாருங்கள். வியாபாரி சொல்லும் தொகையிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம்தான் பாடி வேல்யூ.

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். கார் ஏற்றுமதிக்கா, உடைப்புக்கா என்றும் கேளுங்கள்.

10 ஆண்டு முடியும் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். சில மாதங்கள் முன்பே விசாரித்தால், எந்தச் சந்தை இன்னும் திறந்திருக்கிறது என்பது தெரியும்.

காரை அப்புறப்படுத்தியதற்கான சான்றை யார் சமர்ப்பிப்பது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார் உங்கள் கையை விட்டுப் போயிருக்கலாம். பதிவேட்டில் கடைசியாக இருப்பது உங்கள் பெயர்.